எலி போன வளை

இன்று மத்தியானம் உன் தங்கை வந்திருந்தாள். உட்காருவதற்கு முன் பாயைத் தூக்கி முற்றத்தில் உதறி, திருப்பிப் பார்த்துவிட்டு விரித்தாள். வேண்டுமென்று செய்யவில்லை, பழக்கம். உன் பிறந்த வீட்டார் எல்லாருக்குமே இங்கே வந்தால் இந்தப் பழக்கம் உண்டு. நீ போன பிறகும் உன் பாயை உதறுகிறார்களே என்று எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

கொள்ளைநோய்க்குப் பயந்து சர்க்கார் சுகாதாரச் சிப்பந்திகளான எங்களை வயலுக்கு அனுப்பியபோது தொடங்கியது இது. கல்லிடைக்குறிச்சி வரப்புகளில் எலியைப் பொறிவைத்துப் பிடித்து, மயிரைச் சீவி, நோயைப் பரப்பும் தெள்ளுப்பூச்சிகளை எண்ணுவோம். பிரம்பில் வெள்ளைத்துணி சுற்றி வளைக்குள் விட்டு இழுப்போம். எலி போனால் தெள்ளும் குறையும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் எலி போன வளையில்தான் துணியெல்லாம் தெள்ளு புள்ளி புள்ளியாக ஒட்டி வந்தது. கடிக்க எலி இல்லாமல் பசியோடு வளையின் வாசலுக்கு வந்து காத்திருக்கும். எந்தக் கால் வந்தாலும் தாவிவிடும். உன்னிடம் சொன்னபோது, "பெறவு எதுக்கு அதுகள வீட்டுக்குக் கூட்டிட்டு வாரீங்க?" என்று சிரித்தாய். ஆற்றில் முங்கி, வேட்டி மாற்றாமல் என்னை ஒருநாளும் நிலைப்படி தாண்ட விட்டதில்லை.

உன் தங்கையின் நிச்சயத்தன்று ரயிலுக்கு நேரமாகிவிட்டது. முங்காமலே பாளையங்கோட்டையில் உன் அப்பா வீட்டுக்கு வந்து ஜமுக்காளத்தில் உட்கார்ந்தேன். ஜெபம் முடிவதற்குள் மாப்பிள்ளையின் அத்தை முழங்கையைச் சொறிந்தாள். அவள் மடியிலிருந்து ஒன்று தாவியது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் வேலை அவர்களுக்குத் தெரியும். கொள்ளைநோய் எலியின் தெள்ளு என்று ஒருவர் சொல்லியிருந்தால் போதும், மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போயிருப்பார்கள்.

"எஞ்சேலையில இருந்துதான் வந்திருக்கும். காலையில கோழிக்கூட்டத் தூத்துப் பெருக்குனேன்லா" என்றாய்.

நான் வாயைத் திறந்தேன். நீ என் காலை மிதித்தாய். "குளிச்சிட்டு வரப்படாதா தாயி?" என்றாள் அந்த அத்தை. நிச்சயம் நடந்தது.

கல்யாணம் முடிந்ததும் உன் அப்பாவிடம் உள்ளதைச் சொன்னேன், எலி போன வளையிலிருந்து என் வேட்டியில் வந்த தெள்ளுதான் அது என்று. "எலியே இல்லாத வளையில தெள்ளு எங்கன இருந்து வரும் மாப்ள? பொண்டாட்டிய விட்டுக்குடுக்க மாட்டேங்கீரு" என்று சிரித்தார். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சொன்னேன். சொல்லச் சொல்ல நான் நல்ல புருஷன் ஆனேன். நீ சுத்தம் தெரியாதவள் ஆனாய். "விடுங்க, எந்தங்கச்சி நல்லா இருக்காள்லா" என்பாய். உனக்கு அது போதுமாக இருந்தது. எனக்குக் கூசியது.

இன்று உன் தங்கையிடமும் சொன்னேன். "அக்காதான் போயிட்டாளே அத்தான், இன்னுமா அவளுக்குப் பரிஞ்சு பேசுதீங்க?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

இப்போதும் வயலிலிருந்து வந்தால் ஆற்றில் முங்கி, வேறு வேட்டி கட்டி, அதையும் வாசலில் நின்று உதறுகிறேன். போதும் உள்ளே வாங்க என்று நீதான் சொல்லுவாய். சொல்ல ஆளில்லாமல் உதறிக்கொண்டே நிற்கிறேன்.