நாற்பது நாள் முடிந்த பிறகு

அன்பு மகன் இனிகோவுக்கு அப்பா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அம்மாவும் உன் தங்கை பிளசியும் சுகமாக இருக்கிறோம், அயர்லாந்துக் குளிரில் நீ எப்படி இருக்கிறாயோ என்பதுதான் எங்களுக்குக் கவலை. போனில் பேசாமல் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் என்றால் உன் அம்மா பக்கத்திலேயே காதை வைத்துக்கொண்டு நிற்பாள், நானும் பாதியில் தக்காளி விலைக்குப் பேச்சை மாற்றிவிடுவேன், அதனால்தான் எழுதி, இதைப் போட்டோ பிடித்து அனுப்பப் பிளசியிடம் சொல்லியிருக்கிறேன். தக்காளி இரண்டாம் பறிப்பு முடிந்தது, பாலக்கோடு மண்டியில் விலை படுத்துக் கிடக்கிறது, அது கிடக்கட்டும்.

உன் பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். குருத்து ஞாயிறுக்கு முந்தின வாரம் பிளசி நீ பாடி அனுப்பிய இங்கிலீஷ் ராக் பாட்டைப் போனில் போட்டாள். என்ன கண்ணு இது, தகர டப்பாவை உருட்டுகிற மாதிரி என்று வைதேன், அவள் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். பாட்டிலை ஒளித்த இடம் கண்ணுக்கு மறந்தாலும் காலுக்கு மறக்கவில்லை என்று ஒரு வரி வந்ததே, அதோடு எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. மோட்டார் ரூமில் தக்காளிப் பெட்டிக்கு அடியில் நான் வைக்கிற பாட்டிலைத்தான் பாடுகிறாய் என்று நினைத்துவிட்டேன். பெத்தவன் மானத்த கடல் தாண்டிப் போயி மேடையில ஏலம் போடறானா என்று கத்திவிட்டு இரண்டு நாள் தோட்டத்திலேயே படுத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் பிளசி அழுதுகொண்டே சொன்னாள், அது உங்களப் பத்தி இல்லீங்கப்பா, அண்ணன் தன்னப் பத்திதான் பாடியிருக்குது, வேலைக்குப் போவ முடியாத அளவுக்குக் குடிச்சு இப்பத்தான் உட்டிருக்குது, உங்ககிட்ட சொல்ல பயந்துக்கிட்டுப் பாட்டா அனுப்பியிருக்குது என்று. அய்யோ சாமி. என் பிள்ளை குடிக்கிறான் என்பது ஊரார் கேட்கிற பாட்டு வழியாகத்தானா எனக்குத் தெரியவேண்டும்.

நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியும், சாம்பல் புதனன்று நெற்றியில் பூசிக்கொண்டு, குடியையும் கறியையும் நிறுத்தி, தவக்காலம் நாற்பது நாள் நல்லவர்களாக இருப்போம், ஈஸ்டர் ராத்திரி பாஸ்கா பூசை முடிந்து கறி வெந்ததும் டம்ளர் வெளியே வரும். நீ பன்னிரண்டாவது பரீட்சை எழுதிய வருஷம், ஆம்பளப் பையன்டா, ஒரு வாய் குடி என்று அத்தனை பேர் முன்னால் டம்ளரை உன் கையில் கொடுத்தவன் நான்தான். எல்லோரும் கை தட்டினார்கள், அம்மா மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள். அது என் குற்றம் ராசா. உன் மேல் எனக்கு ஒரு பொட்டுக் கோபம் இல்லை.

இந்தப் பாஸ்காவுக்கும் உன் சித்தப்பா ரஞ்சித்குமார், அண்ணா, நாப்பது நாளு முடிஞ்சுதுங்க என்று பாட்டிலோடு வந்தான். நான் டம்ளரைக் கவிழ்த்து வைத்தேன். ஏனுங்கண்ணா, நெத்தில சாம்பலு இன்னும் அழியலீங்களா என்று சிரித்தான், சிரிக்கட்டும். பாஸ்கா போய் இன்றோடு பதினாறு நாள், நான் தொடவில்லை. பெரிய சூரன் என்று நினைத்துவிடாதே, சாயங்காலமானால் கால் தானாக மோட்டார் ரூம் பக்கம் திரும்புகிறது, நீ எழுதியது பொய்யில்லை. அப்போதெல்லாம் பிளசியிடம் உன் பாட்டைப் போடச் சொல்கிறேன், தகர டப்பா பழகிவிட்டது, பாத்திரம் கழுவும்போது உன் அம்மாவே தலையாட்டுகிறாள்.

வேளைக்குச் சாப்பிடு, ரூமில் தனியாகக் கிடக்காதே, கோயிலுக்குப் போகாவிட்டாலும் மனுஷர்களோடு இரு. தவறி ஒரு நாள் குடித்துவிட்டாலும் ஒளிக்காமல் என்னிடம் சொல்லு, வைய மாட்டேன், வைகிற யோக்கியதையும் எனக்கு இல்லை. முக்கியமாக ஒன்று, கால் கடைப் பக்கம் திரும்பினால் எந்நேரமானாலும் எனக்குப் போன் போடு. என் கால் திரும்பினால் நான் உனக்குப் போடுவேன், எடுக்காமல் இருந்துவிடாதே. இங்கிருந்தே உன் நெற்றியில் சிலுவை போடுகிறேன், மாதா உன்னை விட்டு நகராமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
மதலைமுத்து

எழுத்து கோணல்மாணலாக இருக்கிறதே என்று குடித்துவிட்டு எழுதியதாக நினைக்காதே. குடிக்காமல் எழுதியதால்தான் இப்படி.