குட்டைக் காலில் நிற்கும் பால் கேன்

கோபமெல்லாம் ஆறியிருக்கும் என்ற நம்பிக்கையில், என் அருமை மாப்பிள்ளை தங்கராசுவுக்கு,

நீ போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. எல்லோரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் என் தங்கை சரசுவுக்கு, அதாவது உன் மனைவிக்கு, முட்டுவலி அப்படியேதான் இருக்கிறது. உன் மகள் கவிதா பேட்டரி ஸ்கூட்டர் வாங்கியிருக்கிறாள். கிருஷ்ணன்கோவில் கல்லூரி பஸ் ஏறும் இடம் வரை அதில்தான் போகிறாள். ஸ்கூட்டர் மழையில் நனையக் கூடாதாம். நீ பொழுதெல்லாம் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்த தகரக் கொட்டகைதான் அதற்குத் தோதான இடமாம்.

அங்கேதான் உன் மெஷின் பாதியில் நிற்கிறது.

"மாமா, அப்பா செஞ்சதுன்னுதான் இம்புட்டு நாள் தொடாம வச்சிருந்தோம். ஓடுனா இருக்கட்டும். ஓடலைன்னா ஞாயித்துக்கிழமை இரும்புக்கடைக்காரர் வாரார்" என்றாள் கவிதா. சரசு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குப் புதன்கிழமை.

இந்தக் கடிதத்தை ஒட்டுக்கேட்பவர்களுக்காக, உனக்குத் தெரிந்ததையே ஒருமுறை சொல்லிவிடுகிறேன். கழுத்தை அறுத்தெடுத்த ஒரு பால் கேன். அதற்குள், அதைவிட நூலிழை சின்னதாக லேத்தில் கடைந்த இரும்பு உருளை. பழைய கிரைண்டர் மோட்டார் ஒன்று பெல்ட் போட்டு உருளையைச் சுற்றும். இடுக்கில் விளக்கெண்ணெய். தீ கிடையாது, சிவக்கிற கம்பி கிடையாது. உரசலிலேயே சூடு வரும்.

கேனை நான்தான் ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுகிற ஒருவரிடம் கேட்டு வாங்கித் தந்தேன். ராஜபாளையம் பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். பக்கத்தில் இருந்தவர், "பாலா?" என்றார். "இல்ல, ஹீட்டர்" என்றாய். அவர் எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டார்.

ராஜபாளையத்தில் ஹீட்டர்! பங்குனியில் குழாயைத் திறந்தால் வெந்நீர் வருகிற ஊரில்! "ஏலே மாப்ள, கரண்டு எம்புட்டுப் போகுதோ அம்புட்டுச் சூடுதான வரும்? அதுக்கு ஒரு கம்பிச் சுருள் போதாதா?" என்று கேட்டேன். "தெரியும் மச்சான்" என்றாய். தெரிந்தும் ஏன் செய்கிறாய் என்று அப்போதே நான் கேட்டிருக்க வேண்டும். நிறையப் படித்தவனுக்கு அந்த மாதிரிச் சந்தேகம் எளிதில் வருவதில்லை.

அதற்குப் பதில், ஓய்வுபெற்றவர்கள் நடத்துகிற நம் மாதப் பத்திரிகையில் உன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். மெஷினின் கால்கள் அரை அடிதான் என்பதால், ஊர் வாத்துகள் சுற்றி நின்று குளிர்காய ஏற்றது என்று எழுதினேன். தளவாய்புரத்திலிருந்து ஒருவர் போன் போட்டுச் சிரித்தார். நீ முழுப் பக்கத்தையும் படித்தாய். மடித்துத் திருப்பிக் கொடுத்தாய். "அச்சு நல்லா விழுந்திருக்கு மச்சான்" என்றாய்.

பிறகு அந்த மெஷினை எனக்குக் காட்டவேயில்லை. நானும் கேட்கவில்லை. இரண்டு மாதத்தில் நீ போய்விட்டாய். கோபமா மாப்ளே? இல்லை, ஓடவிட்டுக் காட்டலாம் என்று இருந்தாயா?

வியாழக்கிழமை பெல்ட்டை மாட்டினேன். உரசலில் சூடு வர வேண்டும் என்றால் இரும்பு உரசத்தானே வேண்டும்? உருளை நன்றாகக் கேனில் படும்படி ஒரு பக்கம் தகடு வைத்து நெருக்கினேன். சுவிட்சைப் போட்டேன். எழுந்த சத்தத்துக்குத் தெருநாய்கள் அத்தனையும் பதில் சொல்லின. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அடுத்த வீட்டு அம்மா, "அண்ணாச்சி, உள்ள யாரையும் வச்சு அரைக்கியளா?" என்றார். கேனில் கீறல் விழுந்ததுதான் மிச்சம். கவிதா எட்டிப் பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள். அந்த மௌனத்தை உன்னிடமிருந்துதான் எடுத்திருக்கிறாள்.

வேறு வழியில்லாமல், மில்லில் பஞ்சு சீவுகிற கார்டிங் பகுதியில் உன்கீழ் ஃபிட்டராக இருந்த வேலுச்சாமியைக் கூப்பிட்டேன். சனிக்கிழமை ஷிப்ட் முடிந்து வந்தார். நான் வைத்த தகட்டைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, கார்டிங்ல ரெண்டு பல்லுச் சக்கரம் முடி எடைவெளியில சுத்தும். தொட்டா பொறி. பொறி பறந்தா பஞ்சு பூராம் போச்சு. அவிய முப்பது வருசம் இரும்பு இரும்பைத் தொட்டுறக் கூடாதுன்னு காவல் காத்தவிய. வீட்டுல வந்து தொட விடுவாவளா?"

"பின்ன உரசல்?"

"நடுவுல நிக்கிற எண்ணெய்தான் உரசும். எம்புட்டோ படிச்சிருக்கிய, இதைப் படிக்கலையாக்கும்."

தகட்டைப் பிடுங்கி எறிந்தார். மில்லில் இடைவெளி பார்க்கிற மெல்லிய எஃகு இதழ்களை, கேஜை, எடுத்து இடுக்கில் விட்டுச் சுற்றி வந்தார். ஒரு தட்டு, மறுபடி கேஜ், இன்னொரு தட்டு. நீ வேலை செய்யும்போது பிதுக்குகிற மாதிரியே அவரும் கீழுதட்டைப் பிதுக்கினார். செத்த நேரம் நான் வேறு பக்கம் திரும்பி நின்றேன்.

ஞாயிறு காலை மழை தூறிக்கொண்டிருந்தது. இரும்புக்கடைக்காரர் சொன்னபடி வந்துவிட்டார். சரசு கொடுத்த டீயோடு வாசலில் நின்றார். சுவிட்சைப் போட்டேன். சின்ன முனகல், அவ்வளவுதான். நாய்கள்கூடப் பொருட்படுத்தவில்லை. பத்து நிமிஷம் ஆனது. கேன் சில்லென்று இருந்தது. "மாமா..." என்றாள் கவிதா. "இரு தாயி" என்றேன். டீயும் தீர்ந்தது. மறுபடி கேனில் கை வைத்தேன். வைத்த கையை எடுக்க மனம் வரவில்லை. இளஞ்சூடு. பெரிய சூடு இல்லை. ஆனால் சூடு.

சரசு தன் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து, கேனுக்கு எதிரே உட்கார்ந்தாள். அவளுடைய முட்டு இரண்டும் கேனின் வயிற்றுக்கு நேராக, ஒரு சாண் தள்ளி இருந்தன. மெஷினின் கால்கள் இன்னும் கொஞ்சம் உயரமாக இருந்திருந்தால் சூடு அவள் மடிக்குப் போயிருக்கும்.

"வாத்துக்குன்னு எழுதுனியேண்ணே" என்றாள். "இந்த நாற்காலியில என்னைய உக்கார வச்சுத்தான் மெஷின் காலுக்கு அளவெடுத்தாவ. கம்பி சிவக்குற ஹீட்டர்னா சேலை பத்திக்கிருமோன்னு எனக்குப் பயம். நான்தான் வேணாம்னேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"அவியகிட்ட நீ கேட்டியா?"

இரும்புக்கடைக்காரர் டம்ளரை வைத்துவிட்டு, "கேன் நல்ல கேன்மா, மனசு மாறுனா சொல்லுங்க" என்று போனார். ஸ்கூட்டர் இப்போது வாசலில்தான் நிற்கிறது. கவிதா அதற்கு ஒரு பாலிதீன் உறை வாங்கிப் போட்டிருக்கிறாள்.

ஏன் மாப்ளே, "சரசுக்காக" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நான் எழுதினதைக் கிழித்துப் போட்டிருப்பேனே. கிழித்திருப்பேனா? உண்மையைச் சொன்னால், அந்த வாத்து எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

இப்போது வாரம் ஒருமுறை ராஜபாளையம் பஸ் ஏறி, உன் வீட்டுக்குப் போய் வருகிறேன். பக்கத்தில் யார் யாரோ உட்காருகிறார்கள். என் மடியில் ஒன்றும் இல்லை. "பாலா?" என்று யாரும் கேட்பதில்லை.

இந்தக் கடிதத்தை அதே பத்திரிகையில், அதே பக்கத்தில் போடச் சொல்லியிருக்கிறேன். வருஷா வருஷம் ஐப்பசி மழைக்கு முன்னால் எண்ணெய் மாற்றுவேன். வேலுச்சாமியிடம் கேஜ் பிடிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறேன். கை நடுங்காத காலம் வரை இரும்பு இரும்பைத் தொடாது. இது சத்தியம். அச்சு நல்லா விழுந்திருக்கா என்பதை மட்டும் யாரிடம் கேட்பது?

உன்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்காமல் போன
உன் மச்சான்,
மடவார் வளாகம், ஸ்ரீவில்லிபுத்தூர்.