ஐந்தரை மணிப் பெரட்டும் நம் வீட்டுப் பூட்டும்

கோபம் வந்தால் மட்டும் என்னைக் ‘கங்காணியாரே’ என்று கூப்பிட்ட என் லெட்சுமிக்கு,

நீ போய் ஏழு மாதமாகிறது. உயிரோடு இருந்தபோது உன்னிடம் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன். எழுதாமல் விட்டால் நாளைக் காலை எனக்குத் தைரியம் வராது.

நம் ருவான்வெல்லைத் தோட்டத்தில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. ஐந்தரைக்கு ஆட்கள் கூடும் பெரட்டு. பேர் கூப்பிட்டு, ரப்பர் மரங்களை ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுத்து மலைக்கு அனுப்புகிறேன். வெயில் ஏறினால் பால் நின்றுவிடும் என்று, கம்பெனிக்காரர்கள் வந்த பிறகு நேரத்தை இன்னும் இறுக்கிவிட்டார்கள். வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பரா மட்டும் அன்றுபோலவே ஏழு மணிக்குத்தான் திறக்கிறது. இடையில் இருக்கும் ஒன்றரை மணி நேரம் நம் பிள்ளை செல்வி எங்கே இருப்பாள்? நீ இருந்தவரை இந்தக் கேள்வி எனக்கு வந்ததே இல்லை.

உனக்கு வந்தது. பக்கத்து வீட்டில் யாராவது இருந்தால் அவர்களிடம் விட்டு வருவாய். யாரும் இல்லாத நாளில் ஆயா வந்து திறக்கும்வரை வாசலில் காத்திருந்து, பிள்ளையைக் கொடுத்துவிட்டு, பால் வாளியோடு மூச்சிரைக்க ஓடி வருவாய். “லேட்டா வந்தா வேல இல்ல, வீட்டுக்குப் போ” என்று எல்லாருக்கும் முன்னால் திருப்பி அனுப்பினேன். ஒரு தடவையா, இரண்டு தடவையா? சொந்தப் பெண்டாட்டிக்கும் அதே சட்டம்தான் என்று ஆட்கள் மெச்சினார்கள். எனக்கு அது பெருமையாக இருந்தது, லெட்சுமி. இன்று நினைத்தால் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

“ஒரு நாளைக்கு நீங்க பிள்ளைய வச்சுக்கிட்டு வேலைக்குப் போய்ப் பாருங்க, தெரியும்” என்று வீட்டில் வைத்து மட்டும் சொன்னாய். தெரிந்துவிட்டது.

நீ போன பிறகு, ஐந்து மணிக்குச் செல்வி தூங்கிக்கொண்டிருக்க, வெளியே பூட்டுப் போட்டுவிட்டுப் போவேன். ஏழு மணிக்கு இறங்கி வந்து, அவளைத் தூக்கிக்கொண்டு போய் ஆயாவிடம் விடுவேன். யாரிடமும் மூச்சு விடவில்லை. சாவி எப்போதும் என் இடுப்பில்.

போன செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்கு வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மரத்தில் பால் வடியும் சிரட்டையில் மழைத் தண்ணீர் இறங்கினால் அத்தனை பாலும் பாழ் என்று உனக்கா தெரியாது? பாலை எடுங்க எடுங்க என்று ஆட்களை விரட்டினேன், நானும் ஒரு வாளியைத் தூக்கினேன். செல்வி ஞாபகம் வந்தது. வரவில்லை என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். இந்த ஒரு நிரை மரம் முடியட்டும் என்று நினைத்தேன். அப்புறம் இன்னொரு நிரை.

மழை கொட்டியது. கீழே நம் வீடுகள் இருக்கும் லயத்துப் பக்கம் மண் சரியும் சத்தம் கேட்டது. வாளியைப் போட்டுவிட்டு ஓடினேன். சறுக்கி விழுந்தேன், எழுந்தேன், என் வாழ்நாளில் அப்படி ஓடியதில்லை.

நம் குசினியில் அடுப்புவரை முழுக்கச் சேறு. முன் கதவு பிளந்து கிடந்தது. பிள்ளைக் காம்பரா ஆயா குசுமா, செல்வி வரவில்லையே என்று தேடி வந்து, அழுகைச் சத்தம் கேட்டு, கல்லால் பூட்டை உடைத்திருக்கிறாள். இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு, சிங்களமும் தமிழுமாகக் கத்தினாள்.

“யத்துர கோ, கங்காணி? சாவி எங்க? பிள்ளைய பூட்டி வச்சு போற மனுசன் இருக்கா?”

செல்விக்கு ஒரு கீறல்கூட இல்லை, கும்பிட்டுக்கொள். என்னைப் பார்த்து அவள் அழவில்லை. “நான் கதவத் தட்டுனேம்ப்பா. நீங்க பேரு கூப்பிட்டுக்கிட்டு இருந்தீங்களா?” என்று கேட்டாள்.

குசுமாவின் இடுப்பிலிருந்து அவளை வாங்கிக்கொண்டேன்.

அன்றைக்கே தோட்டத்துத் துரையிடம் போனேன். பிள்ளைக் காம்பராவை ஐந்து மணிக்குத் திறவுங்கள், இல்லையென்றால் சின்னப் பிள்ளை வைத்திருப்பவர்களை ஏழு மணிக்கு வர விடுங்கள் என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார். ஐந்து மணிக்கு வருவாயா என்று குசுமாவைக் கேட்டால், அவள் வீட்டிலும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இரண்டு. அவளை மட்டும் எப்படிக் குறை சொல்வது?

மூன்று நாளாக ஏழு மணிக்குப் பிறகுதான் வேலைக்குப் போகிறேன். இன்று எனக்கு மேலே இருக்கும் கணக்கப்பிள்ளை எல்லாருக்கும் முன்னால் கேட்டார்: “கங்காணியே பிந்துனா மத்தவங்களுக்கு என்னத்த சொல்றது? நாளைக்கும் லேட்டுன்னா அந்த வேலைக்கு வேற ஆள் பாத்துக்குவோம்.” இத்தனை வருசமாக நான் பேசிய பேச்சு, இன்று என் காதிலேயே விழுந்தது.

கைக்குழந்தைக்காரி மாரியாயி பக்கத்தில் நின்றாள். அவளையும் எத்தனையோ நாள் திருப்பி அனுப்பியவன் நான். “இப்பத்தான் ஒங்களுக்கு மணி தெரியுதா, கங்காணி?” என்றாள். தலை நிமிரவில்லை எனக்கு. போகும்போது, “நாளைக்கு வீட்டுக்குப் போகாம நீங்க நின்னா நானும் நிக்கிறேன்” என்றாள். நிற்பாளோ என்னவோ. பயம் அவளுக்கும் இருக்கும்தானே.

கதவைச் சரிசெய்துவிட்டேன், லெட்சுமி. புதுப் பூட்டு வாங்கவில்லை, இனி வாங்கவும் மாட்டேன். நாளை ஏழு மணிக்குச் செல்வியைக் குசுமாவிடம் கொடுத்துவிட்டு, நீ ஓடி வந்த பாதையில் நடந்து போவேன். கங்காணி நிற்கும் இடத்துக்குப் போகாமல், நீ வாளியோடு நின்ற இடத்தில் நிற்பேன். வீட்டுக்குப் போ என்பார்கள். நீ ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போனாய். நான் போக மாட்டேன். இது சத்தியம்.

உன்னைத் திருப்பி அனுப்பிய உன் வீட்டுக்காரன்,
செல்வியின் அப்பா