புள்ளிகளுக்குள் ஓர் எண்

பிப்ரவரி 3, செவ்வாய்

இன்ஜின் பிரிவை மூடப்போகிறார்கள். சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் சூப்பர்வைசர் எல்லோரையும் லைன் ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னார். இனி பெட்ரோல் வண்டி கிடையாதாம், பேட்டரி வண்டி மட்டும்தானாம். அதையும் வேறு ஆலையில் செய்வார்களாம். ஆகஸ்ட் வரை வேலை உண்டு. யாரும் சத்தம் போடவில்லை. பின்னாலிருந்து ஒருவர், "அதுவரைக்கும் கேன்டீன் இருக்குமா சார்?" என்று கேட்டார். சிரித்தோம். பிறகு அவரவர் இடத்துக்குப் போய் போல்ட் முறுக்கினோம். வேறென்ன செய்வது?

வீட்டில் சொல்லவில்லை.

பிப்ரவரி 5, வியாழன்

சொல்லிவிட்டேன். மருந்துக்கடை வேலை முடிந்து வந்த மனைவி தோளிலிருந்து பையைக்கூட இறக்கவில்லை. நின்றபடியே முழுதும் கேட்டாள். பிறகு, "சரிங்க, அடுத்து என்ன பண்ணலாம்?" என்றாள்.

அடுத்ததா? ஒரு நாளாவது என் பக்கத்தில் உட்கார்ந்து வருத்தப்பட்டால் என்ன குறைந்துவிடும்? இவளுக்கு எதுவுமே உறைக்காதா?

அப்புறம் பார்த்தால், அடுக்களையில் ஒரே தட்டைத் திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரி 8, ஞாயிறு

மச்சான் போனும் கையுமாக வந்தான். வளரும் தொழில்கள் பற்றி வீடியோ பார்த்தே பாதி நிபுணனாகிவிட்டான். "மாமா, ட்ரோன்தான் இனிமே. கத்துக்கங்க."

"எனக்குப் பறக்கறதுன்னாலே பயம்டா."

"நீங்க தரையிலதான் நிப்பீங்க மாமா, அதுதான் பறக்கும்."

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். சூரிய மின்சாரம், கட்டடத்துக்குள் கீரை வளர்ப்பது, பேட்டரி வண்டி பழுது பார்ப்பது என்று அடுக்கிக்கொண்டே போனான். இவ்வளவு தெரிந்தவன் நீ ஏன் எதிலும் சேரவில்லை என்று கேட்டேன். "நான் இன்னும் ஆராய்ச்சியில இருக்கேன்" என்றான்.

அவன் போனபிறகு மனைவி சொன்னாள்: "வண்டி உங்களுக்குப் பழகின விஷயம். அந்தப் பேட்டரி வேலையைப் பாருங்களேன்."

பார்க்கலாம். நாற்பத்து நாலு வயதில் மறுபடி மாணவன்.

பிப்ரவரி 20, வெள்ளி

பேட்டரி வண்டிப் பயிற்சி மையத்துக்கு நுழைவுத் தேர்வு உண்டு. சாயங்காலம் அவள் கேள்வி கேட்க, நான் பதில் சொல்கிறேன். நான் தடுமாறினால் புத்தகத்தைப் பார்க்காமலே சொல்லிவிடுகிறாள். உன்னை யார் படிக்கச் சொன்னது என்றேன். "தெரியாம எப்படிங்க கேள்வி கேக்கறது?" என்றாள்.

மார்ச் 14, சனி

தேறிவிட்டேன். நானா!

மார்ச் 19, வியாழன்

உடல் பரிசோதனை. ரத்தம், காது எல்லாம் சரி. கண் டாக்டரம்மா ஒரு படத்தை நீட்டினார். வட்டம் நிறைய கலர் கலராகப் புள்ளி.

"என்ன நம்பர் தெரியுது?"

"நம்பரா? புள்ளிதான் தெரியுது."

அடுத்த படம். அதிலும் புள்ளி. அதற்கடுத்ததிலும். அவர் படங்களை மூடிவைத்தார். எனக்குச் சில நிறங்கள் பிரித்துத் தெரியாதாம், பிறவியிலேயே அப்படியாம். பேட்டரி வண்டியில் ஆளைக் கொல்லும் மின்சாரம் ஓடும் வயரை நிறத்தை வைத்துத்தான் அடையாளம் காண்பார்கள். அதனால் சேர்க்க மாட்டார்கள்.

"இத்தனை வருஷம் எப்படிங்க சமாளிச்சீங்க?" என்று கேட்டார். நான் எதையும் சமாளிக்கவே இல்லையே. எல்லோருக்கும் இப்படித்தான் தெரியும் என்று நினைத்தேன்.

வீட்டில் சொன்னதும் அவள், "பச்சைன்னு சொல்லி பழுப்புச் சட்டை வாங்கிட்டு வருவீங்களே... கவனமில்லாத மனுஷன்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மார்ச் 20, வெள்ளி

வேலைக்குப் போனேன், வந்தேன், படுத்தேன்.

மார்ச் 22, ஞாயிறு

"நான் எழுதிப் பாக்கட்டுமா?" என்று கேட்டாள். அதே மையத்தில் அடுத்த பேட்ச்சுக்குத் தேர்வு வருகிறதாம்.

என் வாயிலிருந்து என்ன வந்தது? "ஆமாமா, நீயே எல்லாம் பண்ணிக்கோ. நான் வீட்டைப் பெருக்கிட்டு உக்காந்திருக்கேன்." மகள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பெருக்கினால்தான் என்ன? இந்தப் பதினைந்து வருஷமும் அவள் பெருக்கவில்லையா?

ஏப்ரல் 6, திங்கள்

அவளுக்கு இடம் கிடைத்துவிட்டது. கண் பரிசோதனையில் எல்லா எண்ணையும் மளமளவென்று சொன்னாளாம். சந்தோஷம் என்றேன். சந்தோஷமா எனக்கு? பாதியில் விட்டுவிடுவாள் என்று உள்ளுக்குள் ஏதோ ஒன்று காத்திருக்கிறது. அதை இங்கே எழுதிவிட்டேன். எழுதினாலாவது போகட்டும்.

மே 27, புதன்

அவளே போன் செய்தாள். "பதறாதீங்க. எனக்கு ஒண்ணும் ஆகல."

ஓடினேன். பயிற்சிக் கூடத்தில் ஒரு பேட்டரி புகைந்து வெடித்திருக்கிறது. வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் கரி, மணிக்கட்டில் கட்டு. அவளைப் பார்த்ததும் என் மனசில் முதலில் வந்தது — அப்பாடா, இனி இவள் கிளாஸுக்கு வரமாட்டாள். அதற்கப்புறம்தான் உயிரோடு இருக்கிறாளே என்பது. என்ன ஜென்மம்டா நீ?

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, "நாளைக்கும் கிளாஸ் இருக்கு" என்றாள்.

"போகாத. சொன்னா கேளு. பயமா இருக்கு."

"எனக்கு ஏதாவது ஆயிடும்னு பயமா, நான் பாஸாயிடுவேன்னு பயமா?"

சண்டை போடும் குரலில் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். இறங்கி நடக்கும்போது, "ரெண்டும்தான்" என்றேன். அவள் பையை என்னிடம் கொடுத்தாள்.

மே 28, வியாழன்

போனாள். மணிக்கட்டில் இருந்த கட்டை நான்தான் மாற்றிவிட்டேன்.

ஜூலை 16, வியாழன்

சூரியத் தகடு பொருத்தும் கம்பெனி ஒன்றில் பேசிவிட்டு வந்தேன். எனக்கு இரும்புச் சட்டம் நிறுத்தும் வேலை, வயர் பக்கமே போகவேண்டாம். கண்ணைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட்டேன். என்னை வேலை வாங்கப்போகும் பெண்ணுக்கு என் வயதில் பாதிதான் இருக்கும். "அண்ணா, வெயில் தாங்குவீங்களா?" என்று கேட்டாள். தாங்குவேன் என்றேன். தாங்குவேனா?

ஆகஸ்ட் 31, திங்கள்

கடைசி இன்ஜின். யாரோ போட்டோ எடுத்தார்கள். நான் கை கழுவப் போய்விட்டேன்.

செப்டம்பர் 11, வெள்ளி

தோள் கழன்றுவிடும் போல் வலிக்கிறது. இன்று ஒரு சட்டத்தைத் தலைகீழாகப் பொருத்திவிட்டேன். அந்தப் பெண் திட்டவில்லை, மறுபடி கழற்றச் சொன்னாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. இந்த வேலை எத்தனை நாள் ஓடும், இதற்கும் ஒரு நாள் வேறொன்று வந்துவிடுமா — தெரியவில்லை.

நான் வீட்டுக்கு வரும்போது மனைவி, பயிற்சி முடித்து இப்போது வேலை பார்க்கும் பேட்டரி பட்டறையிலிருந்து வந்து, சாப்பிடாமல், ஷூவைக்கூடக் கழற்றாமல் நாற்காலியிலேயே தூங்கிக்கொண்டிருந்தாள். "எழுப்பட்டுமாப்பா?" என்றாள் மகள். வேண்டாம் என்றேன். கீழே உட்கார்ந்து ஷூ நாடாவை அவிழ்த்தேன். ஒரு முடிச்சு இறுகியிருந்தது, என் விரலில் வேறு கொப்புளம். கொஞ்ச நேரம் பிடித்தது.

கண்ணைத் திறக்காமலே, "வந்துட்டீங்களா?" என்றாள்.

"வந்துட்டேன். நீ தூங்கு" என்று சொல்லிவிட்டு, மற்றக் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.