மூச்சை இழுத்துப் பிடிங்க

ஜூன் 3, செவ்வாய்

எக்ஸ்ரே படிப்பின் செய்முறைத் தேர்வில் தோற்றேன்.

நோயாளியை நிற்க வைத்ததில் குறை இல்லை. தாடை மேலே, புறங்கைகள் இடுப்பில், தோள்கள் முன்னால். தோள்பட்டை எலும்பு நுரையீரலை மறைக்காமல் விலகியிருந்தது. அப்புறம் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போய் மைக்கில் "மூச்சை இழுங்க" என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

"மூ... மூ..."

என் திக்குவாய்க்கு 'ம'வைப் போல எதிரி கிடையாது. பதற்றத்தில் அந்த வார்த்தையையே விட்டுவிட்டு "நல்லா இழுங்க" என்றேன். அவர் எக்ஸ்ரே ஸ்டாண்டைப் பிடித்து இழுத்தார்!

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். வேறென்ன செய்ய?

அடுத்த மாதம் மறுதேர்வு. அதுவும் போனால் ஒரு வருஷம் போச்சு.

ஜூன் 4, புதன்

யாரோடும் பேசவில்லை. சௌகரியமாக இருந்தது. அதுதான் பயமாகவும் இருக்கிறது.

ஜூன் 8, ஞாயிறு

அம்மாவை பீரோவை ஒட்டி நிற்க வைத்துப் பழகினேன். "என்னடி, போலீஸ் புடிச்ச மாதிரி நிக்க வெச்சிருக்கே?" என்றாள். ஆனாலும் மூச்சைப் பிடித்தாள். 'விடுங்க' என் வாயிலிருந்து வருவதற்குள் அவள் முகம் சிவந்துவிட்டது. இருவரும் தரையில் உட்கார்ந்து சிரித்தோம்.

பிறகு மெதுவாகக் கேட்டாள்: "ரொம்பப் பேச வேண்டியில்லாத வேலையா ஏதாவது பாக்கலாமா, கண்ணு?"

அன்பாகத்தான் கேட்டாள். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

கழுத்தடியில் இருக்கும் காறை எலும்பு இரண்டும் சமமாக விழுந்த ஒரு படத்தைப் பார்த்தால் எனக்கு மனசு நிறைந்துவிடுகிறது. இதை விட்டு எங்கே போவேன்?

ஜூன் 19, வியாழன்

தூக்கம் வரவில்லை, சந்தோஷத்தில்.

காலையில் நாங்கள் பழகும் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறைக்கு ஒரு கட்டடத் தொழிலாளி வந்தார். விடாத இருமல். நம் பாஷை ஒரு வார்த்தைகூடத் தெரியாது. மைக்கில் இருந்தவள் என் தோழி. வாய் ஓயாததால் வகுப்பில் அவளுக்கு 'ரேடியோ' என்று பெயர். சொல்லிப் பார்த்தாள், கத்திப் பார்த்தாள். அவர் பாவம், சாதாரணமாக மூச்சு விட்டுக்கொண்டே நின்றார்.

"கத்தினா பாஷை புரிஞ்சிடுமாடி?" என்றார் டெக்னீஷியன் அக்கா.

படத்தில் உதரவிதானம் மேலேறிக் கிடந்தது. நுரையீரலின் அடிப்பாகம் தெரியவே இல்லை. மறுபடி எடுக்க வேண்டும். ரேடியோ கண்கலங்கி நின்றாள். வார்த்தை உதவாமல் போவது எனக்குப் பழக்கம்; அவளுக்கு இன்றுதான் முதல் நாள்.

நான் உள்ளே போனேன். அவர் பக்கத்தில் நின்று, சுவரில் ஒரு தட்டு தட்டி, என் மார்பில் கை வைத்து, சத்தம் கேட்க மூச்சை இழுத்துப் பிடித்தேன். இரண்டு தட்டு தட்டியதும் விட்டேன். அவர் முழித்தார். மறுபடி செய்தேன். அப்புறம் அவருக்குப் புரிந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அவரும் சுவரில் தட்டிக் காட்டினார். ஸ்டாண்டை நோக்கி நிற்பவருக்கு என் சைகை தெரியாது, காது கேட்குமே. தடுப்புக்குப் பின்னால் வந்து கண்ணாடியில் தட்டினேன்.

பத்து விலா எலும்புகள்! மூச்சு முழுசாக உள்ளே போனால்தான் படத்தில் அத்தனை தெரியும். எண்ணி எண்ணிப் பார்த்தேன்.

அக்கா சொன்னார்: "தட்டறது இருக்கட்டும். தடுப்புக்குப் பின்னால வர்றதுக்கு முன்னாடி பழக்கி விட்டே பாரு, அதை எல்லாருக்கும் செய். அப்புறம் உனக்கு வார்த்தை லேட்டா வந்தாலும் அவங்க தடுமாற மாட்டாங்க."

ஜூலை 9, புதன்

மறுதேர்வு. வயதான பெரியவர் ஒருவர் நோயாளி. அவரை நிற்க வைத்து, மூச்சை இழுத்துப் பிடிக்கப் பழக்கினேன். பிறகு, வாழ்க்கையில் முதல்முறையாக, முன்பின் தெரியாத ஒருவரிடம் சொன்னேன்: "ஐயா, எனக்குப் பேச்சு கொஞ்சம் திக்கும். நான் சொல்லி முடிச்சதும் மூச்சை இழுத்தா போதும்."

"மெதுவாச் சொல்லும்மா. நான் எங்க ஓடப் போறேன்?"

'மூ'வில் சிக்கியது. நின்றேன். மறுபடி ஆரம்பித்தேன். முழுசாகச் சொல்லி முடித்ததும் பெரியவர் மூச்சை இழுத்துப் பிடித்தார். பரீட்சை நடத்த வந்தவர் பேனாவை மூடிவிட்டுப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூலை 15, செவ்வாய்

பாஸ். அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

நவம்பர் 12, புதன்

பயிற்சிப் பணியில் இரண்டாவது வாரம். மதியம் அக்கா சாப்பிடப் போயிருந்தபோது போன் அடித்தது. அறையில் நான் மட்டும்தான். எடுத்தேன்.

வார்டிலிருந்து ஒரு நர்ஸ். "இடுப்பு எலும்பு கேஸ் ஒண்ணு இருக்கு. இப்ப அனுப்பலாமா?"

"அ... அ..."

அந்தப் பக்கம் நர்ஸ் காத்திருந்தார். நானும் அவசரப்படவில்லை.

"அனுப்புங்க" என்றேன்.