பள்ளிப் பதிப்பில் இல்லாத அத்தியாயங்கள்

ஆஷ்கோம்ப்,
ஏப்ரல் 1964

அன்பு மகள் ஹில்டாவுக்கு,

நானும் அம்மாவும் நலமே, என் முழங்கால் மட்டும் அந்தக் கணக்கில் சேராது. பெர்த்தில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் சுகமாயிருக்க வேண்டுமென்று தினமும் ஜெபிக்கிறோம்.

போன வருஷம் நம் கோயில் கல்லறைத் தோட்டத்தில் சினிமா எடுத்ததை அம்மா எழுதியிருப்பாள். அது என்னால் வந்த வினை என்று எழுதியிருக்க மாட்டாள். அந்தப் பழைய நாவலைப் படமாக்க இடம் கேட்டு வந்தபோது பாதிரியார் பென்ரோஸ் என்னைத்தான் கேட்டார். கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் வார்டனும் நான், அந்த நாவலை ஆயுசு முழுக்கப் பள்ளியில் நடத்தியவனும் நான். பிள்ளைகள் படிக்கும் புத்தகம், பயமே வேண்டாம் என்று சபைக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். நான் நடத்தியது பள்ளிப் பதிப்பு, நீயும் அதைத்தான் படித்தாய். அதில் நாயகன் சத்திரத்துக் கதவைத் தட்டுவான், அடுத்த அத்தியாயத்தில் பொழுது விடிந்திருக்கும். நடுவில் என்ன ஆயிற்று என்று நான் யோசித்ததே இல்லை. முழுப் புத்தகத்தைத் தேடிப் படித்திருக்க வேண்டும், தோன்றவில்லை. படம் பிடித்த அன்று கால்வலியால் நான் போகவில்லை. படத்துக்காக வேஷம் போட்டுக் கூட்டத்தில் ஒருத்தியாக நின்ற அம்மாவைக் கேட்டதற்கு, ஒரு ஆள் ஓடுறான், நாங்க சிரிக்கிறோம், அவ்வளவுதான் என்றாள்.

குளிர்காலத்தில் படம் டான்டனுக்கு வந்தது, ஊரே பஸ் ஏறிப் போனது. ஓடுகிறவன் கால்சட்டை இல்லாமல் ஓடுகிறான் மகளே. கதையில் வரும் நீதிபதியின் மனைவி அதைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடி வருகிறாள். அவன் மூச்சு வாங்க உட்காருவது பார்ஜிட்டர் குடும்பக் கல்லறைமேல். இடைவேளையில் திருமதி பார்ஜிட்டர் நேரே என்னிடம் வந்து, எங்க கொள்ளுத்தாத்தா தலைமேலதான் அவன் உட்காரணுமா மிஸ்டர் ஹாலட், இதைத்தான் எங்க பையனுக்கும் சொல்லிக் குடுத்தீங்களா என்று கேட்டாள். கசாப்புக்கடை டாபின், சார், இந்தப் பாடத்தை அப்பவே நடத்தியிருந்தா நான் படிப்பை விட்டிருக்கவே மாட்டேனே என்று எல்லோரும் கேட்கக் கத்தினான். நான் தொப்பியை மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதிலிருந்து ஈஸ்டர் கூட்டத்தை நினைத்து எனக்குத் தூக்கம் சரியில்லை. உனக்குத் தெரியும், வருஷா வருஷம் அதில்தான் வார்டனைத் தேர்ந்தெடுப்பார்கள், அதை விட்டால் எனக்கு வேறு வேலை ஏது. கூட்டத்தில் யாரும் போ என்று சொல்லவில்லை. பாதிரியார் மட்டும் இருமிவிட்டு, உங்க முழங்காலை நினைச்சுத்தான் சொல்றேன் என்று ஆரம்பித்தார். அவர் முடிப்பதற்குள் வார்டன் கோலையும் சாவியையும் மேஜைமேல் வைத்துவிட்டேன். சண்டை போடத் தெம்பில்லை, நியாயமும் என் பக்கம் இல்லை.

இப்போது பின்வரிசை வார்டன் இருக்கை எனக்கில்லை, அம்மா பக்கத்தில் உட்காருகிறேன். போன ஞாயிறு பாதிரியார் நம் கல்லறைத் தோட்டத்தில் அமைதியாக உறங்குகிறவர்களுக்காக ஜெபித்தார். பெஞ்சு லேசாக ஆடியது. அம்மா அழுகிறாளோ என்று பயந்து திரும்பினேன். கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டு, அந்தக் கொள்ளுத்தாத்தாவுக்கு எங்கேங்க அமைதி என்றாள். நீ கப்பல் ஏறிய பிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை. கடவுள் மன்னிக்கட்டும், பாட்டுப் புத்தகத்துக்குள் நானும் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

அங்கே குளிர் தொடங்கும், பிள்ளைகளுக்குக் கம்பளிச் சட்டை போடு. எல்லோரையும் கர்த்தர் காப்பாராக. படம் பெர்த்துக்கு வந்தால் குழந்தைகளை வீட்டில் விட்டுப் போ. கல்லறைத் தோட்டத்து வாசலுக்கு இடப்பக்கம், வெள்ளைக் குல்லாயோடு சிரிக்கிறவளைப் பார். அம்மா அங்கே நடிக்கவில்லை.

உன் அன்புள்ள அப்பா,
ஆம்ப்ரோஸ் ஹாலட்