கூவிளங்குடி மன்றம் கேளாத வழக்கு

மழை பொய்க்காத வெண்ணாவல் நாட்டை ஒரு குடைக்கீழ் ஆளும் அரசியார் பூதிமங்கையார் திருவாய்மொழிப்படி ஓலைநாயகம் கண்டன் காரி எழுதியது. கூவிளங்குடிக் கோயில் மண்டபத்தில் அமர்ந்து நீதி வழங்கும் மன்றத்தார் எழுவரும் நலமுடன் வாழ்க. அவர்தம் கோயில் விளக்கு அணையாதிருக்க. அவர்தம் செவிகளும் ஒருநாள் திறக்க.

சாத்தங்கோதை என்பாளின் வழக்கை அரை நாழிகையில் தீர்த்துவிட்டதாக நீவிர் பெருமையுடன் விடுத்த ஓலை வந்து சேர்ந்தது. அவ்விரைவை அரசியார் மெச்சினார். முறையிட வந்தவளின் வாயை அடைத்துவிட்டால் வழக்கு விரைந்துதானே முடியும்!

மண்டபப் படியைப் பெண் மிதிக்கலாகாது, அவள் குறையை அவள் வீட்டு ஆண்மகனே எடுத்துரைக்க வேண்டும் என்பது நும் ஊர் முறையாம். நாட்டை ஆள்வதே ஒரு பெண் என்ற செய்தி நும் மண்டபத்துக்கு இன்னும் எட்டவில்லை போலும். கோதைக்குத் தந்தையில்லை, உடன்பிறந்தாரும் இல்லை. எஞ்சிய ஆண்மகன் அவள் கணவன் நக்கன் அரையன் ஒருவனே. அவளை அடித்துத் துரத்தி, பால்குடி மறவாத மகளைப் பறித்து வைத்துக்கொண்டவனும் அவனே. அவனையே அழைத்து, மனைவியின் சார்பில் தன்மேல் தானே குற்றம் சாற்றுமாறு பணித்தீராம். அவளுக்குக் குறையொன்றும் இல்லை என்று அவன் உரைத்தானாம். எழுவரும் தலையசைத்தீராம். ஏழு தலைகளில் ஒன்றுக்குக்கூட வெட்கம் வரவில்லை.

அவ்வேளையில் கோதை மதிலுக்கு வெளியே வெயிலில் நின்றாள். தீர்ப்பு இன்னதென்று வாசலில் பூக்கட்டுபவள் சொல்லித்தான் அறிந்தாள். கணவன் வீட்டுக்கு ஓடிக் கதவைத் தட்டினாள். உள்ளே மகள் அழுதாள், கதவு திறக்கவில்லை. நான்கு பகல் நடந்து தலைநகர் வந்தவள், பால் கட்டிய மார்பின் வலி தாளாமல், நனைந்த சேலையோடு அரசியார் முன் நின்றாள். தனக்கு வீடு வேண்டாம், கணவனும் வேண்டாம், மகள் மட்டும் போதும் என விண்ணப்பித்தாள். அரசியார் அப்போதே ஓலை எழுதப் பணித்தார்.

இனி ஆணை. இவ்வோலை கொணரும் படைத்தலைவன் கோதையையும் உடன் அழைத்து வருகிறான். இதை மண்டபத்துக்குள் படிக்கலாகாது. கோயில் வாசலில், அவள் நிற்கும் வெயிலில், எழுவரும் அவள் எதிரே நின்று கேட்க. இவ்வரி வரை படித்ததும் நிறுத்துக. நக்கன் அரையன் மகளைக் கொணர்ந்து தாயின் கையில் தருக. தந்தபின் மேலே படிக்க.

தந்தாயிற்றா? நன்று. இனிக் கோதை தன் வழக்கைத் தன் வாயாலேயே உரைப்பாள். அதைக் கேட்க மனமில்லாதவர் இன்றே மன்றத்தை விட்டு நீங்குக. இது அரசியார் ஆணை. நாவலிலை முத்திரை இட்டோம். குழந்தை பால் குடித்து முடிக்கும்வரை எழுவரும் நின்றபடி காத்திருக்க.